கடைக்கு வெளியே அடிக்கும் காற்று

கடையில் கூட்டம் குறைந்தால் முதலாளியின் சந்தேகம் முதலில் சமையற்காரர்மீது விழும். அடுத்து, எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்த உணவகத்தின்மீது. அதற்கும் பிறகு வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுவோர் உண்டு. பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ பார்ப்போர் உண்டு. மனைவியின் நகையை அடகு வைத்துக் கடையைப் புதுப்பிப்போரும் உண்டு. சமையற்காரர் மாறுவார், நாற்காலிகள் மாறும், கணக்குப் புத்தகத்தில் மட்டும் மாற்றம் இருக்காது. கோளாறு கடைக்குள் இல்லாதபோது கடைக்குள்ளே எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது.

கடைக்காரர் கேட்காமலேயே அவர் கடைக்குள் நுழையும் காரணங்கள் பல. புதுடில்லியில் வெளியாகும் ஓர் ஏற்றுமதி அறிவிப்பு, புத்ராஜெயாவில் எடுக்கப்படும் ஒரு முடிவு, நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படும் வரவு செலவுத் திட்டம், வெள்ளிக்கும் ரிங்கிட்டுக்கும் உள்ள மாற்று விகிதம், வாடிக்கையாளர்களின் வயது என்று அவை நீளும். இவற்றில் எதையும் ஒரு கடைக்காரரால் மாற்ற முடியாது. எது எப்போது வரும் என்பதை மட்டும் ஓரளவு முன்கூட்டியே அறிந்துகொள்ள முடியும். அது எப்படி என்பதே இந்த வாரம் எடுத்துக்கொள்ளப்படும் பொருள்.

வணிகம் படித்தவர்கள் இதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிஸ் அகிலார் 1967ஆம் ஆண்டில், வணிகச் சூழலைக் கண்காணிப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு நிறுவனத்துக்கு வெளியே உள்ளவற்றைப் பொருளியல், தொழில்நுட்பம், அரசியல், சமூகம் என்று நான்காகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது அதில் உள்ள கருத்து. பின்னர் அந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளும் இடம் மாற்றி அடுக்கப்பட்டு, ‘பெஸ்ட்’ ஆய்வு என்ற பெயர் நிலைத்தது. சட்டம், இயற்கைச் சூழல் என்ற இரண்டையும் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே ஆட்களை வைத்துப் பக்கம் பக்கமாக அறிக்கை தயாரிக்கின்றன.

சிறு வியாபாரிக்கு அத்தனை பக்கம் தேவையில்லை. எந்தக் காரணம் எந்தப் பெட்டிக்குள் போகும் என்று யோசிப்பதைவிட அவருக்கு அதிகம் பயன்படும் கேள்வி ஒன்று உண்டு: அது சொல்லிவிட்டு வருமா, சொல்லாமல் வருமா? சிராங்கூன் சாலையில் விற்கப்படும் ஒரு தட்டு கோழி பிரியாணியை எடுத்துக்கொண்டு, இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

அரிசியும் வெங்காயமும்

2023ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை விதித்தது. உலகிலேயே அதிக அளவில் அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு அது. அடுத்த மாதமே புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு 20 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. நம் வீடுகளில் வேகும் புழுங்கல் பொன்னியும், இட்லிக்கு ஊறவைக்கும் அரிசியும் அந்த வரிக்குள் அடங்கிவிட்டன. பிரியாணிக்கான பாஸ்மதிக்குத் தடை இல்லை. ஆனால் டன்னுக்கு 1,200 அமெரிக்க டாலருக்குக் குறைவாக விற்கக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. அக்டோபரில் அது 950 டாலராகக் குறைக்கப்பட்டது. சிங்கப்பூருக்கு 50,000 டன், மலேசியாவுக்கு 170,000 டன் என்று தடையிலிருந்து தனி விலக்கும் கிடைத்தது. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பர் இறுதியிலும், புழுங்கலரிசி வரி அதே ஆண்டு அக்டோபரிலும் நீங்கின.

ஜூலை 20 அறிவிப்பு ஒரே இரவில் வந்து விழுந்ததைப் போலத்தான் பல கடைக்காரர்களுக்குத் தோன்றியது. அதற்குப் பத்து மாதம் முன்பு, 2022 செப்டம்பரிலேயே, குருணை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியிருந்தது. வெள்ளை அரிசிக்கும் 20 விழுக்காடு வரி விதித்திருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. 2024இல் பொதுத் தேர்தல் வரப்போகிறது என்பது ஊரறிந்த செய்தி. தேர்தல் ஆண்டை நெருங்கும் எந்த அரசாங்கமும் உள்நாட்டில் அரிசி விலை ஏறுவதை வேடிக்கை பார்க்காது. போதாக்குறைக்கு 2023இல் எல் நினோ வறட்சி பற்றிய எச்சரிக்கைகளும் வந்தபடி இருந்தன. இத்தனையும் செய்தித்தாளில் வந்தவையே. அவற்றைத் தன் கடையோடு சேர்த்துப் படித்தவர்கள் குறைவு.

வெங்காயத்திலும் இதே வரிசையைக் காணலாம். 2023 ஆகஸ்ட்டில் 40 விழுக்காடு ஏற்றுமதி வரி. டிசம்பர் 8ஆம் தேதி முழுத் தடை. 2024 மே மாதத்தில் தடை நீக்கம். முதலில் வரி, பிறகு தடை. வரி வந்த நாளிலேயே வேறு நாட்டு வெங்காயத்துக்கு மொத்த வியாபாரியிடம் விலை கேட்டு வைத்திருந்தவருக்கு நான்கு மாத அவகாசம் கிடைத்திருக்கும்.

இதற்காக ஒவ்வோர் அறிவிப்புக்கும் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்குவது அறிவீனம். கிடங்கு வாடகையும் வண்டும் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடும். இரண்டாவது ஒரு விநியோகிப்பாளரின் தொலைபேசி எண்ணும், அவரோடு ஏற்கெனவே சிறிதளவாவது கொடுக்கல் வாங்கல் இருப்பதும் மூட்டைகளைவிட மதிப்புள்ளவை. தட்டுப்பாடு வரும் நாளில் புதிய வாடிக்கையாளருக்கு எந்த மொத்த வியாபாரியும் சரக்கை எடுத்துக் கொடுக்க மாட்டார்.

கோழி

கோழி விஷயம் இன்னும் வேகமாக நடந்தது. 2022 மே 23ஆம் தேதி மலேசிய அரசாங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதி இல்லை என்பதே அதன் சாரம். அந்த நாட்டிலிருந்து மாதத்துக்கு 36 லட்சம் கோழிகள் வரை ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த நேரம் அது. சிங்கப்பூர் 2021இல் இறக்குமதி செய்த கோழியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானது மலேசியாவிலிருந்து வந்ததே. அதில் பெரும்பகுதி உயிருடன் வந்து இங்கே அறுக்கப்பட்டு, குளிரூட்டப்பட்ட புதுக் கோழியாகச் சந்தைக்குப் போகும். மாற்று ஏற்பாட்டுக்கு ஒன்பது நாள்கூட முழுமையாக இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கோழிச் சோறு விற்பவருக்குப் புதுக் கோழி இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை; உறைந்த கோழியில் அந்த வழவழப்பு வராது. பிரியாணிக் கடைக்காரருக்கோ மசாலா துணை நிற்கிறது. பிரேசிலிலிருந்து வரும் உறைந்த கோழியை முறையாகப் பதப்படுத்தி ஊறவைத்தால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் குறை சொல்ல மாட்டார்கள். ஒரே தடை இரண்டு கடைகளை இரண்டு விதமாகத் தாக்கியது. வெளிச் சூழலை ஆராய்வது என்றால் செய்தியைத் தெரிந்துகொள்வதோடு முடிவதில்லை. அது தன் கடையில் எந்த இடத்தில் வந்து இடிக்கும் என்பதைக் கண்டுபிடிப்பதே உண்மையான வேலை. பக்கத்துக் கடைக்காரரின் பதில் இதற்கு உதவாது.

இந்தத் தடைக்கும் அறிகுறி இல்லாமல் இல்லை. மலேசியாவில் 2022 பிப்ரவரி தொடக்கத்திலேயே கோழிக்குக் கிலோ 8 ரிங்கிட் 90 காசு என்று உச்சவரம்பு விலை நிர்ணயிக்கப்பட்டது. அதே மாத இறுதியில் உக்ரேன் போர் மூண்டது. கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளத்தையும் சோயாவையும் மலேசியா பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. தீவனம் விலை ஏறுகிறது, கோழி விலையை ஏற்ற அனுமதி இல்லை. பண்ணைக்காரர் என்ன செய்வார்? குறைவாக வளர்ப்பார். உள்நாட்டில் பற்றாக்குறை வந்தால் எந்த அரசாங்கமும் முதலில் மூடுவது ஏற்றுமதிக் கதவைத்தான். இறைச்சிக் கோழி ஏற்றுமதி அந்த ஆண்டு அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் ஜூன் இறுதியில் இந்தோனீசியக் கோழிக்குச் சிங்கப்பூர் அனுமதி அளித்தது.

சமைக்கும் கை

அரிசியும் கோழியும் வந்து சேர்ந்தாலும் தம் போடுவதற்கு ஆள் வேண்டும். சிங்கப்பூர் உணவகங்களின் தீராத் தலைவலி இதுதான்.

சேவைத் துறையில் ஒரு நிறுவனத்தின் மொத்த ஊழியர்களில் வெளிநாட்டவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 40 விழுக்காடாக இருந்த அது 2020 ஜனவரியில் 38 ஆகவும், 2021 ஜனவரியில் 35 ஆகவும் குறைந்தது. இருபது பேர் வேலை செய்யும் கடையில் எட்டு பேர் என்பது ஏழு பேரானது. ஒருவர்தானே என்று தோன்றலாம். அந்த ஒருவர் புரோட்டாக் கல்லில் நிற்பவராக இருந்தால் தெரியும் சேதி. இந்தக் குறைப்பு 2019 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்திலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. முதல் கட்டத்துக்குப் பத்து மாதமும் இரண்டாம் கட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டும் அவகாசம் இருந்தது.

சாதாரண வேலை அனுமதிச் சீட்டில் இந்தியாவிலிருந்து சமையற்காரரை வரவழைக்கச் சேவைத் துறைக்கு நெடுங்காலம் வழி இல்லாமல் இருந்தது. இந்திய உணவகங்கள் கூடுதல் சம்பளம் கேட்கும் ‘எஸ் பாஸ்’ போன்ற அனுமதிகளையே நாட வேண்டியிருந்தது. 2023இல் இந்திய உணவகங்களின் சமையற்காரர்களுக்குக் கதவு திறந்தது. குறைந்தது 2,000 வெள்ளி மாதச் சம்பளம், மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது ஆகியவை அப்போது விதிக்கப்பட்ட நிபந்தனைகள். இருபது பேர் கடைக்கு அது ஒருவர் கணக்கு. இந்தச் செய்தியைக் கேட்டவுடன் இரண்டாம் கிளைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கடல்பாலத்துக்கு அப்பால் நிலைமை வேறு. முடி திருத்தகம், ஜவுளிக் கடை, நகைக் கடை ஆகிய மூன்று தொழில்களுக்கும் மலேசியாவில் 2009இலிருந்து வெளிநாட்டு ஊழியர் அனுமதி முடக்கப்பட்டிருந்தது. மூன்றும் இந்தியர்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ள தொழில்கள். 7,500 பேரை வரவழைக்க அனுமதிக்கப்படும் என்ற அறிவிப்பு 2023 செப்டம்பரில்தான் வந்தது. இடையில் பதினான்கு ஆண்டுகள். முடக்கம் இன்றோ நாளையோ நீங்கும் என்று நம்பிப் பழைய ஊழியரின் அனுமதியைப் புதுப்பித்தபடியே காலம் ஓட்டியவருக்கு, அந்த ஊழியர் ஊர் திரும்பிய நாளில் நாற்காலி மட்டுமே மிஞ்சியது. சங்கங்கள் மனுக் கொடுப்பது தேவைதான். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மனுவின் பதிலை எதிர்பார்த்து ஆண்டுக் கணக்கில் கடையை நடத்த முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சம்பளத்திலும் அப்படித்தான். மலேசியத் தீபகற்பத்தில் 2013இல் மாதம் 900 ரிங்கிட்டாக அறிமுகமான குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 ரிங்கிட்டானது. 2025இல் அது 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களுக்கும் ஐவர் உள்ள இடங்களுக்கும் பிப்ரவரியிலிருந்து நடப்புக்கு வந்தது. ஐவருக்கும் குறைவான சிறு கடைகளுக்கு ஆகஸ்ட் வரை தவணை கொடுக்கப்பட்டது. 2024 அக்டோபர் வரவு செலவுத் திட்ட உரையிலேயே இது அறிவிக்கப்பட்டுவிட்டது.

வரி: ஐந்து ஆண்டு முன்னறிவிப்பு

முன்னறிவிப்பு என்றால் இதைவிட நீண்டது கிடையாது. பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காட்டுக்கு உயரும் என்று சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 2021க்கும் 2025க்கும் இடையில் ஏதோ ஓர் ஆண்டில் வரும் என்றார்கள். 2022 பிப்ரவரியில் தேதியும் சொல்லப்பட்டது. 2023 ஜனவரியில் 8 விழுக்காடு, 2024 ஜனவரியில் 9 விழுக்காடு.

ஆண்டுக்குப் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் விற்பனை உள்ளவர் மட்டுமே இந்த வரிக்குக் கட்டாயமாகப் பதிந்துகொள்ள வேண்டும். ‘நமக்கு அந்த அளவு விற்பனை இல்லை, வரி நம்மைத் தொடாது’ என்று சிறு கடைக்காரர் நினைப்பதுண்டு. அந்த நினைப்பு பாதிதான் சரி. பதிந்துகொள்ளாதவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது. ஆனால் பதிந்துகொண்ட மொத்த வியாபாரியிடம் எண்ணெய் வாங்கும்போதும், மின்சாரக் கட்டணம் கட்டும்போதும், கட்டட உரிமையாளர் பதிந்தவராக இருந்தால் கடை வாடகையின்போதும் அவர் வரி கட்டுகிறார். பதிந்துகொண்டவர் அதைத் திரும்பக் கோரலாம். இவர் கோர முடியாது. வரி இவரைப் பின்வாசல் வழியாகத் தொடுகிறது.

பதிந்துகொண்டவரின் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு கடையில் நாளுக்கு 400 தட்டு, தட்டு 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் திறந்திருந்தால் விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து, வரி 9 விழுக்காடான பிறகும் முதலாளி அதே 8 வெள்ளிக்கே விற்கிறார். 7 விழுக்காட்டுக் காலத்தில் அந்த 8 வெள்ளிக்குள் வரி 52 காசு. இப்போது 66 காசு. தட்டுக்குப் பதினான்கு காசு வித்தியாசம். ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 வெள்ளி. கூட்டத்துக்குக் குறைவில்லை, சமையலுக்குக் குறைவில்லை, ஆண்டு முடிவில் மட்டும் பணம் குறைகிறது. அது எங்கே போனது என்று தெரியாமல் கல்லாவில் இருக்கும் பிள்ளையைச் சந்தேகப்பட்ட தகப்பனார்களும் இருக்கக்கூடும்.

ஐந்து ஆண்டு இருந்ததே, ஆண்டுக்கு இருபது காசாக ஏற்றி வந்திருக்கலாமே என்று கேட்பது எளிது. பக்கத்தில் உணவங்காடி நிலையத்தில் நான்கு வெள்ளிக்குச் சாப்பாடு கிடைக்கும் இடத்தில் இருபது காசும் பெரிய காசுதான். அதனால்தான் இதை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. விலையை ஏற்றுவதா, அளவைக் குறைப்பதா, லாபம் தராத உணவு வகைகளை நிறுத்துவதா என்று நிதானமாகப் பார்க்க அவகாசம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

சமைத்ததைச் சாப்பிட ஆள் வர வேண்டும். லிட்டில் இந்தியா கடைகளில் பலவற்றுக்கு வாரத்தின் கணக்கு ஞாயிற்றுக்கிழமையில்தான் நேராகும். கட்டுமானத் தளங்களிலிருந்தும் கப்பல் பட்டறைகளிலிருந்தும் வரும் தமிழ்நாட்டு, வங்காளதேச ஊழியர்களே அந்தக் கூட்டம்.

2013 டிசம்பர் 8, ஒரு ஞாயிறு. ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து விபத்து ஒன்றில் இந்திய ஊழியர் ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அடுத்த வார இறுதியில் அந்த வட்டாரத்தில் மது விற்பனையும் மது அருந்துவதும் தடை செய்யப்பட்டன. 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம், இரவு பத்தரை மணிக்கு மேல் பொது இடங்களில் மது அருந்துவதைத் தீவு முழுவதும் தடை செய்தது. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் கூடுதல் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. மது வியாபாரத்தை நம்பியிருந்த சிறு கடைகளுக்கு இது நேரடி அடி. மதுவே விற்காத உணவகத்துக்கு என்ன சம்பந்தம் என்றால், வருகிறவர் எத்தனை மணி நேரம் அந்த வட்டாரத்தில் இருப்பார் என்பது மாறியது. ஊழியர் தங்கும் விடுதிகளும் அவற்றையொட்டிய பொழுதுபோக்கு நிலையங்களும் நகருக்கு வெளியே பெருகின. விடுதியிலேயே மளிகைக் கடையும் சாப்பாடும் இருந்தால் வாரந்தோறும் தேக்காவுக்கு வரவேண்டிய அவசியம் குறைகிறது.

பிறகு 2020. ஏப்ரல் 3ஆம் தேதி அறிவித்து 7ஆம் தேதி நடப்புக்கு வந்த நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் கடையில் அமர்ந்து சாப்பிட முடியாது. ஜூன் 19 வரை அந்த நிலை. மலேசியாவிலோ மார்ச் 16 இரவு அறிவிப்பு, 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. ஜோகூரிலிருந்து நாள்தோறும் வந்துபோன ஊழியர்கள் ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. விடுதி ஊழியர்களுக்கான கட்டுப்பாடுகள் மற்றவர்களுக்கானவற்றைவிட நீண்டகாலம் நீடித்து, 2022இல்தான் படிப்படியாகத் தளர்ந்தன. அதுவரை தேக்காவின் ஞாயிற்றுக்கிழமை பழைய ஞாயிற்றுக்கிழமையாக இல்லை.

இது உண்மையிலேயே சொல்லாமல் வரும் வகை. எந்த ஆய்வும் நான்கு நாளில் கடையைக் காப்பாற்றியிருக்காது. இதற்கென்று வேண்டியது கையிருப்பு. வாடகைக்கும் சம்பளத்துக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கான ரொக்கம் வங்கியில் இருந்தவர் யோசிக்க நேரம் பெற்றார். இல்லாதவர் அவசரத்தில் கிடைத்த நிபந்தனைக்குக் கையெழுத்திட்டார். உணவு விநியோகச் செயலிகள் 30 விழுக்காடு வரை கமிஷன் கேட்டதையும் அப்படித்தான் பலர் ஏற்றுக்கொண்டார்கள்.

தொழில்நுட்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது ஓசையில்லாமல் வரும், ஆனால் மெதுவாக வரும். ஒரு காலத்தில் பஃப்ளோ சாலையிலும் அதைச் சுற்றிலும் ஊருக்குப் பேசும் தொலைபேசி அட்டைகள் மலை மலையாக விற்றன. பாட்டு ஒளிநாடாக்களும் குறுந்தட்டுகளும் விற்றன. அந்தக் கடைக்காரர்களை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வாடிக்கையாளரின் கைப்பேசியில் வாட்ஸ்அப் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். வாங்க வந்தவர்களின் கையைக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு தாள் போதும்

இதையெல்லாம் அன்றாடம் யார் பார்த்துக்கொண்டிருப்பது என்ற கேள்வி நியாயமானது. காலை ஐந்து மணிக்குச் சந்தைக்குப் போய் இரவு பதினொரு மணிக்குக் கடை சாத்துபவரிடம் ஆய்வு செய்யச் சொல்வது கேலியாகக்கூடத் தோன்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் போதும். அரசாங்கம் என்ன அறிவித்திருக்கிறது, பண விவகாரம் எப்படி இருக்கிறது, வருகிற ஆட்கள் மாறுகிறார்களா, அவர்கள் கையில் புதிதாக என்ன இருக்கிறது என்ற நான்கையும் எழுதலாம். ஒவ்வொன்றின் எதிரிலும் தேதி தெரிந்தால் தேதி, தட்டுக்கு எத்தனை காசு என்ற உத்தேசக் கணக்கு. தேதி தெரிந்தவை ஒரு பக்கம், தெரியாதவை ஒரு பக்கம். முதல் பக்கத்துக்குத் திட்டம் வேண்டும், இரண்டாம் பக்கத்துக்குப் பணம் வேண்டும். எழுதும் வேலையைப் படித்த பிள்ளையிடம் கொடுக்கலாம். கடையே வேண்டாம் என்று அலுவலக வேலைக்குப் போன பிள்ளைகள் பலர், கல்லாவில் உட்காரத் தயங்கினாலும் இதைச் செய்யத் தயங்க மாட்டார்கள்.

தேதி தெரிந்தவற்றில் சில இவை. சிங்கப்பூரில் ஓய்வு வயது 2026 ஜூலை முதல் 64, மறுவேலை வயது 69 என்று 2024 மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டது. வயதான சமையற்காரரை வைத்துள்ள கடைக்கு இது நல்ல செய்தி. 2024, 2025இல் டன்னுக்கு 25 வெள்ளியாக இருந்த கரியமில வரி 2026, 2027இல் 45 வெள்ளி என்பது 2022இலேயே சொல்லப்பட்டது. அது மின்சாரக் கட்டணத்தின் வழியாகக் குளிர்பதனப் பெட்டிக்கு வந்து சேரும். 2030க்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார். எண்ணெயும் காரமும் குறைந்த ஒரு சாப்பாட்டை அதற்குள் பட்டியலில் சேர்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரியது எல்லையில் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 2 ரிங்கிட் 20 காசு அளவுக்குக் கிடைத்தது. 2024 தொடக்கத்தில் அது மூன்றரை ரிங்கிட்டைத் தாண்டியது. வார இறுதியில் ஜோகூர் பாருவுக்குப் போய் முடி வெட்டி, மளிகை வாங்கி, குடும்பத்தோடு சாப்பிட்டுத் திரும்புவது பல சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அவர்களைத் தடுத்து நிறுத்தியதெல்லாம் கடல்பாலத்து நெரிசல் ஒன்றுதான். புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் விரைவு ரயில் பாதைக்கு 2018இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, இடையில் நின்று, 2020 ஜூலையில் மீண்டும் உயிர்பெற்றது. 2026 இறுதிக்குள் சேவை தொடங்கத் திட்டமிட்டு வேலை நடந்தது. பயண நேரம் ஏறத்தாழ ஐந்து நிமிடம். ஒவ்வொரு திசையிலும் மணிக்கு 10,000 பேர் வரை போகலாம்.

ஜோகூர் பாருவில் கடை வைத்திருப்பவர் இந்த எண்ணைப் பார்த்து இன்னும் இரண்டு மேசை போடலாமா என்று யோசிப்பார். சிராங்கூன் சாலையில் இருப்பவருக்குக் கேள்வி வேறு. 8 வெள்ளித் தட்டுக்காக ஒருவர் ஐந்து நிமிட ரயிலை விட்டுவிட்டுத் தன் கடைக்கு ஏன் வரவேண்டும்? அவர் தாளின் முதல் வரியில் எழுத வேண்டிய கேள்வி அது. பாதை எப்போது வரும் என்று 2018இலிருந்தே அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.